விட்டுக்கொடு என்பது வேதமா, அண்ணனா?

கேள்வி (கடிதம் சுருக்கப்பட்டது): எனக்கு வயது 47. பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருக்கிறேன். நாலைந்து தலைமுறையாகத் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். பாடகர் குழுவிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் இருக்கிறேன். அப்பா இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனார். உயில் எழுதவில்லை. கிராமத்தில் அவர் பெயரில் வீடு, ஒன்றரை ஏக்கர் வயல், பஸ் ஸ்டாண்ட் பக்கம் இரண்டு கடைகள் இருக்கின்றன. அண்ணனும் தம்பியும் என்னிடமும் அம்மாவிடமும் விடுதலைப் பத்திரத்தில், அதாவது எங்கள் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்துக் கேட்கிறார்கள். "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே" என்கிறார்கள். எங்கள் ஐயர் வீட்டுக்கு வந்து 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரம் வாசித்து, நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஜெபித்துவிட்டுப் போனார். கூட வேலை செய்யும் தோழியோ, "மதமே ஆம்பளைங்க எழுதினதுதான், முதல்ல அதிலிருந்து வெளியே வா" என்கிறாள். சென்னையில் படிக்கும் மகள், "சர்ச்சுக்கும் போவே, பெண்ணுரிமையும் பேசுவே, ரெண்டும் எப்படிம்மா?" என்று கேட்கிறாள். வீட்டுக்காரர், "விடாதே, கேட்டு வாங்கு, மாடி எடுத்துவிடலாம்" என்கிறார். அம்மா எதுவும் சொல்வதில்லை. ஜெபம் பண்ணு என்பதோடு சரி. பங்கு கேட்டால் பாவமா? கேட்காமல் விட்டால் பெண்ணுரிமை பேசும் தகுதி எனக்குப் போய்விடுமா? விசுவாசமும் பெண்ணியமும் ஒரே ஆளிடம் இருக்க முடியுமா? நீங்கள் விசுவாசியா என்றும் தெரிந்துகொள்ள ஆசை. பத்திர நகலை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்: அன்புச் சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவேன், நெல்லையப்பர் ஆனித் தேருக்குப் போய் வடத்தைத் தொட்டுவிட்டு வருவேன். நீங்கள் கேட்கும் பொருளில் நான் விசுவாசி இல்லை. ஆனால் என் மேஜையில் இந்திய வாரிசுரிமைச் சட்டப் புத்தகத்தை ஒட்டி ஒரு தமிழ் வேதாகமம் எப்போதும் இருக்கும். இந்த ஊரில் சொத்து வழக்கு நடத்துகிறவருக்கு அது இல்லாமல் முடியாது. கட்சிக்காரர்கள் பத்திரத்தோடு வசனத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். (திருநெல்வேலிச் சபைகளில் குருவானவரை ஐயர் என்று அழைப்பது வழக்கம். மற்ற ஊர் வாசகர்கள் குழம்ப வேண்டாம்.)

உங்கள் கடிதத்துக்கு முன்னால் பத்திர நகலைத்தான் படித்தேன். தொழில் புத்தி. நான்கு பக்கம். "சீர்வரிசை, நகை, கல்யாணச் செலவு வகையில் எனக்குச் சேரவேண்டியது முழுவதையும் பெற்றுக்கொண்டுவிட்டபடியால்" என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. "யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், நல்ல மனநிலையில், மனப்பூர்வமாக" என்று மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று எழுதவேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். நான்காம் பக்கம் முழுக்கச் சொத்து விவரம்: சர்வே எண், நான்கு எல்லை, கடைகளின் நீள அகலம் அடிக்கணக்கில். இந்த நான்கு பக்கத்தில் கர்த்தரும் இல்லை, கொரிந்தியரும் இல்லை. திண்ணையில் வாசித்த வசனம் பத்திரத்துக்குள் வரவில்லை, கவனித்தீர்களா? உங்களைக் கையெழுத்துப் போடக் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைப்பதோடு அதன் வேலை முடிந்துவிட்டது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம், சுருக்கமாக. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்துக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சரிசமம். மகன், மகள் என்ற பேதம் அந்தச் சட்டத்தில் இல்லை. உங்கள் வீட்டுக் கணக்கில் மொத்தத்தை ஒன்பதாகப் போட்டால் அம்மாவுக்கு மூன்று, அண்ணனுக்கு இரண்டு, தம்பிக்கு இரண்டு, உங்களுக்கு இரண்டு. பரம்பரைச் சொத்து, பூர்வீகம் என்று யாராவது இழுத்தால் கவலைப்பட வேண்டாம். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்து என்ற கணக்கு கிறிஸ்தவர்களுக்குக் கிடையாது. அப்பா பெயரில் இருந்தது அப்பாவுடையது.

இனி அந்த நகை விஷயம். அதே சட்டத்தில் 49-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தகப்பன் உயிரோடு இருக்கும்போது ஒரு பிள்ளையின் நல்வாழ்வுக்காகக் கொடுத்த பணத்தையோ பொருளையோ, அவர் இறந்த பிறகு அந்தப் பிள்ளையின் பங்கைக் கணக்கிடும்போது கழிக்கக் கூடாது என்கிறது. அதாவது உங்கள் கழுத்தில் போட்டதையும் கழிக்க முடியாது, அண்ணனின் இன்ஜினியரிங் படிப்புக்குக் கட்டியதையும் கழிக்க முடியாது. இருபது வருடமாக உங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லி உண்மையாகிவிட்ட அந்த வாக்கியத்துக்குச் சட்டத்தில் நிற்க இடமே இல்லை. படித்த குடும்பங்களில்கூட இந்தப் பிரிவைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. சில வக்கீல்களும் மறந்துபோய்விடுகிறார்கள், அதை வெளியே சொல்லக் கூடாதுதான்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் உங்களுக்குக் கை நடுங்குகிறது. அது ஏன் என்பதுதானே உங்கள் உண்மையான கேள்வி.

என் அலுவலகத்துக்கு மூன்று மதத்துப் பெண்களும் வருகிறார்கள். இந்துப் பெண்ணுக்குத் தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்துச் சட்டம் திருத்தப்பட்டது; 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. முஸ்லிம் பெண்ணுக்குச் சட்டசபை வரைக்கும் போக வேண்டியதே இல்லை. குர்ஆனின் நான்காவது அத்தியாயத்திலேயே மகளுக்கு இன்ன பங்கு என்று அளவு போட்டுச் சொல்லியிருக்கிறது. மகனுக்குக் கிடைப்பதில் பாதிதான், அதில் எனக்குக் கேள்வி உண்டு. ஆனால் அந்தப் பாதியையும் கைக்கு வாங்கிய பெண்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மேலப்பாளையத்து முஸ்லிம் ஆகட்டும், எங்கள் டவுன் பிள்ளைமார் ஆகட்டும், உங்கள் சபைக்காரர் ஆகட்டும், பெண்ணிடம் சொல்வது ஒரே வாக்கியம்: "உனக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு. இனி கேட்டா அண்ணன் மனசு சங்கடப்படும்." பெண்ணுக்குப் பங்கு கொடு என்று வேதமே சொல்லும் வீட்டிலும் அதே வாக்கியம்; அப்படி ஒன்றும் சொல்லாத வீட்டிலும் அதே வாக்கியம். அப்படியானால் அது வேதத்திலிருந்து புறப்பட்டு வரவில்லை. அண்ணனிடமிருந்து புறப்பட்டு, வரும் வழியில் வேதத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டு வருகிறது.

இதற்காக உங்கள் தோழி சொல்வது வெறும் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். அவர் பக்கம் கனமான சான்றுகள் இருக்கின்றன. 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவக் கணவன் மனைவியின் நடத்தை தவறென்று நிரூபித்தால் போதும், விலகிவிடலாம். மனைவி அதே காரணத்துக்காக விலக வேண்டுமானால் கணவனின் தவறான உறவோடு கொடுமையையோ கைவிட்டுப் போனதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். இது 2001-இல்தான் மாறியது. நூற்றுமுப்பது வருடத்துக்கு மேல், ஒரே பீடத்தில் மோதிரம் மாற்றிய இரண்டு பேருக்கு இரண்டு தராசு. பக்கத்துத் திருவிதாங்கூரில் 1916-இல் போட்ட கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் இன்னும் மோசம்: மகனுக்குப் போவதில் கால் பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய மேரி ராய் அந்தச் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. கேரளத்துச் சபைத் தலைமைகள் மகிழ்ந்து ஸ்தோத்திரம் சொன்னதாக நினைக்காதீர்கள். எதிர்த்தார்கள், குடும்பங்கள் சிதறிவிடும் என்றார்கள். அதே பயத்தைத்தான் உங்கள் வீட்டு ஹாலில் இப்போது உங்களுக்குக் காட்டுகிறார்கள்.

ஆக, மத அமைப்புகள் பெண்ணின் கையைக் கட்டியதில் பங்காளிகள் என்று தோழி சொன்னால் நான் ஆமாம் என்பேன். "வெளியே வா, அப்புறம் பேசலாம்" என்கிற இடத்தில்தான் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. வெளியே வந்து நீங்கள் எங்கே போவீர்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆல்டோ பாடுகிறவர் நீங்கள். அப்பா ஐசியூவில் கிடந்தபோது முறைபோட்டுச் சோறு கொண்டுவந்தவர்கள் ஐக்கிய சங்கத்துப் பெண்கள் என்று கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதையெல்லாம் விட்டால்தான் பெண்ணுரிமை பேசலாம் என்றால் அது கொஞ்சம் பேர் மட்டும் கட்டக்கூடிய கட்டணம். சம்பளமும் நகரமும் நண்பர் வட்டமும் உள்ளவர்கள் கட்டிவிடுவார்கள். கிராமத்தில் பீடி சுற்றுகிற பெண்ணால் முடியாது. அவள் தன் கடவுளையும் வைத்துக்கொண்டு தன் பங்கையும் கேட்கிற மாதிரி ஒரு வழி இல்லாவிட்டால், பெண்ணியம் அவள் வாசலுக்கே வராது.

வழி இல்லாமலும் இல்லை. பண்டித ரமாபாய் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1858-இல் பிறந்தவர், சமஸ்கிருதப் பண்டிதை, இளம் வயதிலேயே விதவையானவர். 1883-இல் இங்கிலாந்துக்குப் போய் அங்கே ஞானஸ்நானம் பெற்றார். இங்கே இந்துப் பெரியவர்கள் கொதித்தார்கள். அங்கேயும் நிம்மதி இல்லை. சபை சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள் என்று அவருக்கு ஆதரவு கொடுத்த ஆங்கிலிக்கன் சகோதரிகள் வற்புறுத்தினார்கள். ஒரு குருமார் கூட்டத்தின் நுகத்தடியிலிருந்து இப்போதுதான் கழுத்தை எடுத்திருக்கிறேன், இன்னொன்றில் கொடுக்க மாட்டேன் என்ற கருத்தில் அவர் பதில் எழுதினார். கடவுளையும் விடவில்லை, தலையையும் குனியவில்லை. ஊர் திரும்பி 1889-இல் விதவைகளுக்கு விடுதியும் பள்ளியும் தொடங்கினார். பிற்காலத்தில் எபிரெயமும் கிரேக்கமும் கற்று முழு வேதாகமத்தையும் மராத்தியில் தாமே மொழிபெயர்த்தார். வேதத்தை வாசித்துச் சொல்ல இன்னொருவர் எதற்கு என்ற பிடிவாதம்தான் அந்த உழைப்புக்குப் பின்னால் இருந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உங்கள் திருநெல்வேலிச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் முதலில் நிற்பது ஒரு பெண்ணின் பெயர்: குளோரிந்தா. தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு திருமணம் இல்லாமல் வாழ்ந்தார் என்பதால் ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல்தான் கொடுத்தார். 1785-இல் அவர் எழுப்பிய ஆலயத்துக்குப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று இன்றும் பெயர். நீங்கள் இருக்கும் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. சமூகமும் குருவானவரும் சேர்ந்து வாசலில் நிறுத்திவைத்த ஒரு பெண் முன்நின்று உண்டாக்கிய சபையில் உட்கார்ந்துகொண்டு, பெண் பங்கு கேட்கலாமா என்று கூட்டம் போடுகிறார்கள். எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது, மன்னிக்கவும். தென்னிந்தியத் திருச்சபையில் 2013-இல் நந்தியால் பேராயத்துக்கு ஒரு பெண்ணே பேராயராகிவிட்டார், அதுவும் இருக்கட்டும்.

ஐயர் வாசித்த அதிகாரத்துக்கு வருவோம். வசனத்துக்கு எதிர் வசனம் எடுத்துப்போட்டு ஜெயிப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு இல்லை. இரண்டு பக்கமும் நாள் முழுக்க ஆடலாம். ஆனால் ஒரு வக்கீலாக ஓர் ஆவணத்தைப் பாதியில் வாசித்து நிறுத்தினால் எனக்குப் பொறுக்காது. ஏழாம் வசனம், "ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?" என்று கேட்கிறது. அங்கேதான் உங்கள் ஐயர் நிறுத்தியிருக்கிறார். அடுத்த வசனமே, "நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்களே" என்கிறது. ஏழு நஷ்டப்படுகிறவருக்கு, எட்டு நஷ்டப்படுத்துகிறவருக்கு. ஏழாவதை உங்கள் வீட்டில் வாசித்தவர் எட்டாவதை அண்ணன் வீட்டில் போய் வாசித்தாரா? கேட்டுப்பாருங்கள், கோபம் இல்லாமல்.

வேதத்தில் பெண்ணுக்குச் சொத்து கொடுத்த கதையே இல்லையா என்று எல்லாரும் என்னிடம் கேட்பார்கள். எண்ணாகமம் 27-இல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயின் முன்னால் வந்து நின்று எங்களுக்குக் காணியாட்சி வேண்டும் என்கிறார்கள். அவர்கள் பேசுகிறது சரிதான் என்று கர்த்தர் தீர்ப்பும் சொல்கிறார். இதை ஐக்கிய சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எடுத்துப் பேசுவார்கள். ஆனால் உங்கள் வழக்குக்கு இது முழுசாக உதவாது. அவர்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. பிறகு 36-ஆம் அதிகாரத்தில், சொத்து கோத்திரத்தை விட்டுப் போகாதபடி உறவுக்குள்ளேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனையும் வந்துவிடுகிறது. இதைச் சொன்னால் அண்ணன் மடக்கிவிடுவார். யோபின் கடைசி அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யோபுக்கு ஏழு மகன்களும் இருந்தார்கள். அப்படியிருந்தும், அவர்கள் தகப்பன் குமாரத்திகளுக்கும் "அவர்கள் சகோதரரின் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான்" என்று இருக்கிறது. (வேதாகமத் தமிழில் சுதந்தரம் என்றால் வாரிசுப் பங்கு.) மகன்களின் பெயரைச் சொல்லாமல் மூன்று மகள்களின் பெயரை மட்டும் எழுதிவைத்திருப்பது எனக்குப் பிடிக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், உங்கள் மனம் உண்மையிலேயே விட்டுக்கொடுக்கவே விரும்பினால்? விட்டுக்கொடுங்கள். அதற்காக உங்களை அடிமை என்று சொல்லும் உரிமை உங்கள் தோழிக்கும் இல்லை, எனக்கும் இல்லை. கடன்பட்டுத் திணறும் தம்பிக்குத் தன் பங்கை எழுதிக்கொடுத்த பெண்ணுக்கு நானே பத்திரம் தயாரித்திருக்கிறேன். அவர் கணக்கு முழுவதும் தெரிந்து, வேண்டாம் என்று சொல்ல வாய் இருந்து, அப்புறம் கொடுத்தார். சார்பதிவாளர் "உங்க சம்மதத்தோடதானே?" என்று கேட்டபோது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து ஆமாம் என்றார். அதே மேஜையின் முன்னால் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் நிற்கும் அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிய பெண்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பத்திரத்திலும் "மனப்பூர்வமாக" என்ற சொல் ஒரே இடத்தில்தான் இருக்கும். உங்கள் தியாகம் தியாகமாக இருக்க வேண்டுமானால் முதலில் அந்த ஒன்பதில் இரண்டு உங்களுடையது என்று வீட்டில் எல்லார் வாயாலும் ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். கொடுத்துவிட்டோம் என்று அவர்களும், வாங்கிவிட்டாள் என்று பத்திரமும் பொய் சொல்லக் கூடாது. இரண்டாம் பக்கத்து அந்த நகை வாக்கியம் இருக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது உங்கள் அம்மா. உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த பகுதி அதுதான். அவரைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அந்தப் பத்திரத்தில் அதிகம் இழப்பவர் அவர். மூன்றில் ஒரு பங்கு அவருடையது. அதை இப்போது எழுதிக்கொடுத்துவிட்டால், தான் முப்பது நாற்பது வருடம் இருந்த வீட்டில் நாளைக்கு அவர் விருந்தாளி. மருமகள்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். நான் யாரையும் குறை சொல்லவில்லை. மூத்த பெண்கள் சொத்தை எழுதிக்கொடுத்த பிறகு "மாசத்துக்கு யார் வீடு" என்று முறைபோடுவதை எத்தனையோ பார்த்தாகிவிட்டது. "ஜெபம் பண்ணு" என்று அவர் சொல்வதற்கு உங்களுக்கு மட்டும் கேட்கும்படி வேறு பொருள் இருக்கிறதா என்று ஒரு நாள் தனியாக, அடுப்படியில், ஆண்கள் இல்லாத நேரத்தில் கேளுங்கள். பிள்ளைகளை எதிர்த்துப் பேச முடியாத தாய் வேறு என்னதான் சொல்வார்?

அம்மா கையெழுத்துப் போடவே கூடாது என்பது என் கருத்து. அவருக்கே கொடுக்கத்தான் ஆசை என்றால், வீட்டில் ஆயுள்காலம் வரை இருக்கவும் கடை வாடகையை அனுபவிக்கவும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு எழுதலாம். தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, கவனிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுத்தில் இருந்தால் வழக்கு சுலபம். அப்படியே, இரண்டு வருடமாகக் கடை வாடகையை யார் வாங்குகிறார்கள் என்றும் விசாரியுங்கள். அதிலும் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று உண்டு.

வீட்டுக்காரரின் மாடிக்கு வருகிறேன். அண்ணன் கையிலிருந்து பிடுங்கி வீட்டுக்காரர் கையில் கொடுப்பதற்கு இவ்வளவு போராட்டம் எதற்கு? "பெண்ணுக்குச் சொத்துரிமை" என்று மாமனார் சொத்து விஷயத்தில் மட்டும் பேசும் ஆண்கள் உண்டு. தங்கள் சொந்தத் தங்கை கேட்கும்போது அவர்களுக்கும் கொரிந்தியர் ஞாபகம் வந்துவிடும். உங்கள் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவரா என்று எனக்குத் தெரியாது. அவருடைய தங்கைக்கு என்ன கொடுத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பங்கு வந்தால் அது உங்கள் பெயரில் இருக்கட்டும். பணமாக வந்தால் உங்கள் தனிக் கணக்கில் இருக்கட்டும். மாடி எடுப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் நிதானமாக முடிவு செய்யலாம்.

மகளுக்குப் பதில் சொல்லிக் கஷ்டப்பட வேண்டாம். அந்தப் பத்திர நகலை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, இதில் எங்கே பொய் இருக்கிறது என்று கண்டுபிடி என்று சொல்லுங்கள். சர்ச்சா பெண்ணியமா என்ற விவாதத்தைவிட அவளுக்கு அது ருசிக்கும்.

ஐயரோடு சண்டை வேண்டாம். அவர் கெட்ட எண்ணத்தில் வந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் அண்ணன் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயர் அந்தக் கமிட்டியோடு நாளும் காலம் தள்ள வேண்டியவர், நீங்களோ பாடகர் குழுவில் ஒரு குரல். யார் வீட்டில் எதை வாசிப்பது என்பதை அந்த நிலைமையே பாதி தீர்மானித்துவிடுகிறது. அதே அதிகாரத்தில் ஐந்தாம் வசனம், சகோதரர்களுக்குள் வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் விவேகி ஒருவன்கூட இல்லையா என்று அந்த நிருபத்தை எழுதிய பவுல் கேட்பது. அதைக் காட்டி, "ஐயரே, நீங்களே அந்த விவேகியா இருந்து எங்க நாலு பேரையும் உட்கார வைங்க. அப்பா சொத்து ஒன்பது பங்கு. அதை ஒத்துக்கிட்டுப் பேச ஆரம்பிப்போம்" என்று கேளுங்கள். வழக்கு போடாதே என்பதுதானே அவர் வாசித்தது? வழக்கு இல்லாமல் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். முடிந்தால் ஐயரம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருக்கட்டும். பெண் ஒருத்தி கூட இல்லாத அறையில் பெண்ணின் பங்கைப் பேசினால் பேச்சு எப்படிப் போகும் என்று எனக்கு அனுபவம் உண்டு.

அவரால் முடியவில்லை என்றால் அடுத்த படி சமரச மையம். நீதிமன்றம் என்றதும் கறுப்புக் கோட்டும் கூண்டும் கண்ணில் வர வேண்டாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில்தான் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், அங்கே இலவச சட்ட உதவி உண்டு. ஆசிரியை சம்பளம் வாங்குகிறீர்களே என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. பேசி முடித்ததை மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொண்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது.

அதற்கு முன்னால் சில காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ் உங்களிடம் இருக்கும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் மூலம் தாசில்தாருக்கு விண்ணப்பிக்கலாம். அண்ணன் ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதில் உங்கள் பெயரும் அம்மா பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று சொத்துக்கும் வில்லங்கச் சான்று எடுங்கள், அப்பா இறந்த தேதிக்குப் பிறகு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறதா, மாறிவிட்டதா என்று ஆன்லைனிலேயே பார்த்துக்கொள்ளலாம். தம்பி புதிய நகல் ஏதாவது அனுப்பினால் முதலில் இரண்டாம் பக்கத்தையும் அந்தப் புள்ளிகளையும் பார்த்துவிட்டு எனக்கு அனுப்புங்கள்.